வயிற்றுப் பூச்சி வயிற்றுக்குள் பெருகுவதில்லை

"பிப்ரவரியில்தானே டீச்சர் மாத்திரை கொடுத்தீர்கள்? ஆகஸ்டில் மறுபடியும் எதற்கு? முதல் மாத்திரை கேட்கவில்லையா?"

தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கும் என்னிடம் ஆண்டுதோறும் யாராவது ஒரு தாய் இதைக் கேட்டுவிடுவார். அருமையான கேள்வி. இதற்குச் சரியான பதில் தெரிந்துவிட்டால் குடற்புழுவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி முடிந்துவிடும். வகுப்பு வாசலில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட முடியாத அந்தப் பதிலை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

மாத்திரை கேட்டது. வயிற்றில் இருந்த புழுக்களில் பெரும்பாலானவை செத்துப் போயின. அதன் பிறகு வேறு புழுக்கள் வெளியிலிருந்து வந்து குடியேறின. டைஃபாய்டு கிருமி உடலுக்குள் நுழைந்துவிட்டால் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிச் சில நாட்களில் கோடிக்கணக்கில் பெருகும். குடற்புழுவுக்கு அது முடியாது. நம் ஊர்களில் மண் வழியாகப் பரவும் முக்கியமான புழுக்கள் மூன்று: உருளைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு. இவை நம் குடலுக்குள் முட்டையிடும். ஆனால் அந்த முட்டை அங்கேயே பொரித்து வளர்ந்து அடுத்த தலைமுறைப் புழுவாக முடியாது. மலத்தோடு வெளியேறி, மண்ணில் சில காலம் கிடந்து பக்குவப்பட்டு, பிறகு ஒரு மனித உடலுக்குள் நுழைந்தால்தான் அதற்கு வாழ்வு. ஒரு குழந்தையின் வயிற்றில் முப்பது புழுக்கள் இருந்தால் அந்த முப்பதும் தனித்தனியாக வெளியிலிருந்து வந்தவை. குழந்தை நடமாடும் இடத்து மண்ணில் எவ்வளவு மலம் கலந்திருக்கிறது என்பதற்கான கணக்கு அது.

இதைப் புரிந்துகொண்ட பிறகு குழந்தையைத் திட்டத் தோன்றாது. தெருவைத்தான் திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

உருளைப்புழுவிலிருந்து தொடங்குகிறேன். பார்ப்பதற்கு மண்புழு போல, ஒரு சாண் நீளத்துக்கும் மேல் இருக்கும். நம் பாட்டிமார் நாக்குப்பூச்சி என்று சொன்னது பெரும்பாலும் இதைத்தான். ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 லட்சம் முட்டைகள் இடும். ஓராண்டு, இரண்டாண்டு வரை உயிரோடு இருக்கும். முட்டைகள் கண்ணுக்குத் தெரியாதவை. மேலே ஒட்டும் தன்மையுள்ள தடித்த உறை இருப்பதால் நகக்கண், கீரை வேர், பந்து, சேலை முந்தானை என்று எதிலும் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் நாம் போடும் குளோரின்கூட அவற்றை அசைக்காது. நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும்.

ஆனால் ஒரு விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும். அப்போதுதான் வெளியேறிய மலத்தில் இருக்கும் உருளைப்புழு முட்டையால் யாருக்கும் தொற்று வராது. மண்ணில் இரண்டிலிருந்து நான்கு வாரம் கிடந்த பிறகுதான் உள்ளே இளம்புழு உருவாகி முட்டை பக்குவமடைகிறது. அதாவது மலம் காய்ந்து, நாற்றம் போய், மழையில் கரைந்து, பார்ப்பவருக்கு வெறும் மண்ணாகத் தெரியும் வேளையில்தான் ஆபத்து முதிர்கிறது. நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிப் போகும் இடத்தைவிட, சுத்தமாக இருக்கிறதே என்று பிள்ளைகளை விளையாட விடும் இடத்தில் அதிக முட்டைகள் இருக்கலாம்.

விழுங்கப்பட்ட முட்டை சிறுகுடலில் பொரிக்கிறது. வெளிவந்த இளம்புழு குடலிலேயே தங்கிவிடுவதில்லை. குடற்சுவரைத் துளைத்து ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போகிறது. அங்கிருந்து நுரையீரலுக்குப் போகிறது. மூச்சுக்குழாய் வழியாக மேலேறித் தொண்டைக்கு வந்து, எச்சிலோடு மறுபடி விழுங்கப்பட்டுக் குடலுக்கே திரும்புகிறது. இரண்டு மூன்று மாதம் கழித்து அது முட்டையிடத் தொடங்கும். இவ்வளவு சுற்றி வருகிறது என்பதை ஷிமேசு கொயினோ என்ற ஜப்பானியக் குழந்தை மருத்துவர் 1922இல் தம் உடலிலேயே சோதித்துக் காட்டினார். 2,000 உருளைப்புழு முட்டைகளை விழுங்கிவிட்டு, காய்ச்சலும் இருமலுமாகக் கிடந்தபடி தம் சளியை எடுத்து நுண்நோக்கியில் பார்த்தார். அதில் இளம்புழுக்கள் இருந்தன. புழு உள்ளவர்களுக்குச் சில சமயம் காரணம் தெரியாத வறட்டு இருமல் வருவது இந்தப் பயணத்தால்தான்.

நான்கைந்து உருளைப்புழுக்கள் இருந்தால் பெரும்பாலும் வெளியே எதுவும் தெரியாது. எண்ணிக்கை கூடினால் வயிறு உப்பும், பசி மந்தமாகும், வைட்டமின் ஏ உள்ளிட்ட சத்துகளை உறிஞ்சும் வேலை கெடும். ஏராளமாகச் சேர்ந்துவிட்டால் பந்துபோலச் சுருண்டு குடலையே அடைத்துக்கொள்ளும். சில சமயம் பித்தநாளத்துக்குள் ஏறிவிடும். காஷ்மீர் மருத்துவர்கள் இப்படிப்பட்ட நோயாளிகளை நூற்றுக்கணக்கில் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை நான் அதிகம் கவலைப்படுவது கொக்கிப்புழுவைப் பற்றித்தான். நீளம் ஒரு சென்டிமீட்டர் அளவே. இதன் முட்டை மண்ணிலேயே பொரித்துவிடும். ஒரு வாரம் பத்து நாளில் இளம்புழு தயாராகி, ஈர மண்ணின் மேற்பரப்பில் ஏறிக் காத்திருக்கும். இது உள்ளே வர வாய் தேவையில்லை. செருப்பில்லாத கால் போதும். விரலிடுக்கில் துளைத்துக்கொண்டு நுழையும்போது கொஞ்சம் அரிக்கும், தடிப்பு வரும். சேற்றில் வேலை செய்தவர்கள் அதைச் சேற்றுப்புண் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். தோல் வழியாகவும் ஒரு புழு உடலுக்குள் போக முடியும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை யாருக்கும் தெரியாது. கெய்ரோவில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியரின் கையில் தற்செயலாகக் கொக்கிப்புழுக் குஞ்சுகள் இருந்த நீர் சிந்தியது. அந்த இடம் சிவந்து அரித்தது. சில வாரங்கள் கழித்துத் தம் மலத்திலேயே கொக்கிப்புழு முட்டைகளைக் கண்டபோது அவருக்கு விடை கிடைத்தது.

கொக்கிப்புழு குடற்சுவரைக் கடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கும். சின்னக் கொக்கிப்புழு வகை ஒன்று ஒரு நாளைக்கு உறிஞ்சுவது ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர், ஒரு துளிகூட இல்லை. நூறு புழுக்கள் இருந்தால் நாளைக்கு 3 மில்லி. மாதத்துக்கு 90 மில்லி, அதாவது கடையில் கொடுக்கும் ஒரு சின்ன டம்ளர் டீயின் அளவு. பெரிய வகைக் கொக்கிப்புழுவாக இருந்தால் இதைப்போல ஐந்து மடங்கு. இதை இரும்புச்சத்துக் கணக்கில் பார்த்தால் இன்னும் துலக்கமாகத் தெரியும். நாம் சாப்பிடும் உணவிலிருந்து உடல் ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்ளும் இரும்பே ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். 3 மில்லி ரத்தத்தோடு ஒரு மில்லிகிராமுக்கும் மேல் போய்விடுகிறது. அதில் ஒரு பகுதியைக் குடல் மீட்டுக்கொண்டாலும், மாதவிடாயிலும் பிள்ளைப்பேற்றிலும் ஏற்கெனவே ரத்தம் இழக்கும் பெண்ணுக்கு இந்தக் கசிவைத் தாங்க முடியாது. முகம் வெளுக்கிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது. கருவுற்ற தாய்க்கு இப்படி ஆனால் பிள்ளை எடை குறைந்து பிறக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையை எவ்வளவு விழுங்கினாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதைதான். அதனால்தான் கருவுற்ற மூன்று மாதங்களுக்குப் பிறகு அரசு சுகாதார நிலையங்களில் இரும்பு மாத்திரையோடு புழு மாத்திரையும் கொடுக்கிறார்கள். முதல் மூன்று மாதத்தில் கொடுப்பதில்லை. இதை எல்லாப் பெண்களும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ரத்தச்சோகை உள்ள சிலருக்கு மண், சாம்பல், பச்சரிசி தின்னும் ஆசை வரும். எங்கள் பள்ளிப் பிள்ளைகளிடமும் பார்த்திருக்கிறேன். அதைக் கெட்ட பழக்கம் என்று அடிப்பவர்கள் உண்டு. தயவு செய்து அடிக்காதீர்கள். உடம்பில் இரும்பு குறைந்ததன் அறிகுறியாக அது இருக்கலாம். அந்த மண்ணோடு உருளைப்புழு, சாட்டைப்புழு முட்டைகளும் உள்ளே போகின்றன என்பதுதான் இதில் கொடுமை.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களை நினைக்காமல் கொக்கிப்புழுவைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. நிழலும் ஈரமும் நிறைந்த மலைச்சரிவு, வெறுங்கால், தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து அறைகளுக்குக் கழிப்பறை கிடையாது, ஒதுங்குவதற்குத் தேயிலைப் புதர்தான். கொக்கிப்புழு கேட்கும் எல்லாமே அங்கே இருந்தன. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு 1916இல் தோட்டங்களில் ஒழிப்புப் பணி தொடங்கியபோது, சோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்தப் புழு இருந்தது. மண்டபம் முகாமில் கப்பலேறக் காத்திருந்தவர்களுக்கும் கொக்கிப்புழு மருந்து கொடுக்கப்பட்டது. தைமால், சீனோபோடியம் எண்ணெய் என்று அன்று கொடுத்த மருந்துகள் உடம்பை உலுக்கி எடுத்துவிடும். அவ்வளவையும் தாங்கிக்கொண்டு கொழுந்து பறிக்கத் திரும்பியவர்கள் அதே மண்ணில் அதே வெறுங்காலோடு நடந்தார்கள். புழு மறுபடி வந்தது. மருந்து கொடுக்கக் காட்டிய வேகம் கழிப்பறை கட்டுவதில் காட்டப்படவில்லை. சோம்பேறிகள் என்று திட்டு வாங்கியவர்களில் எத்தனை பேர் ரத்தமில்லாமல் தள்ளாடியவர்களோ என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

இது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஜவ்வாது மலைப் பழங்குடிக் கிராமங்களில் மலப் பரிசோதனை செய்தபோது, பத்துப் பேரில் ஏறக்குறைய நான்கு பேரிடம் குடற்புழு இருந்தது. கிட்டத்தட்ட அத்தனையும் கொக்கிப்புழு. இங்கே ஒரு சிக்கலும் உண்டு. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் நாங்கள் மாத்திரை கொடுப்பது 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு. உருளைப்புழுவும் சாட்டைப்புழுவும் பிள்ளைகளிடம்தான் அதிகம் என்பதால் அது சரிதான். கொக்கிப்புழுவோ வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்யும் பெரியவர்களிடம் அதிகமாக இருக்கிறது. மகனுக்கு மாத்திரை கிடைக்கிறது. அதே மண்ணில் நடக்கும் அப்பாவுக்குக் கிடைப்பதில்லை. ஊரிலுள்ள எல்லா வயதினருக்கும் கொடுத்தால் பரவலையே நிறுத்த முடியுமா என்று பார்க்கும் பெரிய ஆய்வு ஒன்று அதே வட்டாரத்திலும், ஆப்பிரிக்காவின் பெனின், மலாவி நாடுகளிலும் நடத்தப்பட்டது.

சாட்டைப்புழுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெருங்குடலில் தலையைப் புதைத்துக்கொண்டு வாழும். உருளைப்புழுவைப் போல விழுங்குவதால்தான் வரும். மிக அதிகமாக இருந்தால் சீதமும் ரத்தமுமாகப் போகும், ஆசனவாய் வெளித்தள்ளும்.

உலகில் ஏறத்தாழ 150 கோடிப் பேருக்கு மண் வழிப் புழுக்கள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அப்படியானால் நம்மைச் சுற்றி எல்லாரும் நோயாளிகளாகத் தெரிய வேண்டுமே, ஏன் தெரியவில்லை? புழுக்கள் எல்லா வயிற்றிலும் சமமாகப் பங்கு போட்டு இருப்பதில்லை. ஓர் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றோ இரண்டோ இருக்கும், அல்லது இருக்காது. மொத்தப் புழுக்களில் பெரும்பகுதி ஒரு சிலரின் வயிற்றில் குவிந்திருக்கும். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் என்றால் ஆறேழு பேர்தான் அந்தப் பாரத்தைச் சுமப்பார்கள். நோய் வருவது அவர்களுக்கு. மண்ணில் அதிக முட்டை சேர்வதும் அவர்களிடமிருந்துதான்.

ஆய்வாளர்களிடையே நடக்கும் ஒரு வாக்குவாதமும் இதை வைத்தால் புரியும். கென்யாவின் புசியா பகுதியில் பள்ளிகளில் புழு மாத்திரை கொடுத்தபோது பிள்ளைகள் பள்ளிக்கு வராமலிருப்பது கால் பங்கு குறைந்தது என்று மைக்கேல் கிரெமரும் எட்வர்ட் மிகுவேலும் 2004இல் எழுதினார்கள். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழுவோ, எல்லாருக்கும் பொதுவாகக் கொடுப்பதால் சராசரி எடையிலோ படிப்பிலோ பெரிய மாற்றம் தெரியவில்லை என்றது. நாற்பது பேரின் சராசரியில் அந்த ஆறேழு பேரின் தேறுதல் மறைந்துபோக இடமிருக்கிறது என்பது என் எண்ணம். புழு அதிகம் உள்ள பிள்ளைக்கு மருந்து நல்லது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஒவ்வொருவர் மலத்தையும் சோதிக்கும் செலவைவிட மாத்திரையின் விலை மிகக் குறைவு, மாத்திரையும் பாதுகாப்பானது. அதனால்தான் எல்லாருக்கும் கொடுக்கிறோம்.

இனி நம் வீடுகளில் சொல்லப்படும் சில பேச்சுகள். இனிப்பு தின்றால் பூச்சி வரும் என்பார்கள். வராது. முட்டையோ இளம்புழுவோ உள்ளே போகாமல் சர்க்கரையிலிருந்து புழு உண்டாக முடியாது. ஈ மொய்த்த பண்டம், கழுவாத கை என்றால் அது வேறு. தூக்கத்தில் பல்லைக் கடிப்பதும், எச்சில் வடிவதும், முகத்தில் வெளுத்த தேமல் விழுவதும் பூச்சியின் அடையாளம் என்பதற்கும் ஆதாரம் இல்லை. வேப்பங்கொழுந்து உருண்டை, லீவு நாளில் விளக்கெண்ணெய்ப் பேதி இரண்டையும் நானும் அனுபவித்து வளர்ந்தவள்தான். நம் முன்னோருக்குப் புழு ஒரு நோய் என்று தெரிந்திருந்தது, அதற்கு மரியாதை. ஆனால் பேதி போனால் குடலைக் கடித்துக்கொண்டிருக்கும் கொக்கிப்புழு விட்டுவிடாது. சின்னக் குழந்தைக்கு உடம்பில் தண்ணீர் வற்றுவதுதான் மிச்சம்.

மண் தேவைப்படாத இரண்டு புழுக்களையும் சொல்லிவிட வேண்டும். ராத்திரியில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு பிள்ளை தூங்காமல் புரள்கிறதா? அது பெரும்பாலும் கீரிப்பூச்சி. வெள்ளை நூல் துண்டு போல இருக்கும் இந்தப் புழு இரவில் வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும். சொறிந்த நகத்தில் ஒட்டும் முட்டை சில மணி நேரத்திலேயே பக்குவமாகி அதே பிள்ளையின் வாய்க்கும், பக்கத்தில் படுத்திருக்கும் தம்பி தங்கைக்கும் போகும். வசதியான வீடு, ஏழை வீடு என்ற பேதம் இதற்கு இல்லை. வீட்டிலுள்ள எல்லாரும் ஒரே நாளில் மருந்து சாப்பிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு முறை சாப்பிட வேண்டும். நகம் வெட்டி, காலையில் குளிக்க வைத்து, படுக்கைத் துணியைத் துவைக்க வேண்டும்.

மற்றது நாடாப்புழு. சரியாக வேகாத பன்றி இறைச்சியால் குடலில் நாடாப்புழு வரும் என்பது பலருக்குத் தெரியும். பலருக்குத் தெரியாதது இது: குடலில் பன்றி நாடாப்புழு உள்ள ஒருவரின் மலத்திலிருந்து முட்டை, கை வழியாகவோ பச்சைக் காய்கறி வழியாகவோ இன்னொருவர் வாய்க்குப் போனால், இளம்புழு மூளையில் போய்க் கட்டியாகத் தங்கி வலிப்பை உண்டாக்கும். இறைச்சியே தொடாதவருக்கும் இது வரும். வேலூர் மாவட்டத்தில் வலிப்பு நோயாளிகளை ஆராய்ந்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணமாக இருந்தது. வலிப்பு வந்தவரின் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதை விட்டுவிட்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மருந்து கொடுத்து ஆறு மாதத்தில் உருளைப்புழுத் தொற்று பழைய அளவில் மூன்றில் இரண்டு பங்குக்குத் திரும்பியிருந்தது. ஓராண்டில் ஏறத்தாழ பழைய நிலைக்கே வந்துவிட்டது. பிப்ரவரிக்குப் பிறகு ஆகஸ்டு வருவது இதனால்தான். வயிற்றைச் சுத்தம் செய்துவிட்டு மண்ணை அப்படியே விட்டால் இந்தச் சுற்று முடியாது.

முடித்துக் காட்டிய நாடு ஒன்று உண்டு. தென்கொரியாவின் ஜொன்ஜு நகரில் 1963இல் கடும் வயிற்றுவலியோடு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 9 வயதுச் சிறுமியின் வயிற்றிலிருந்து 1,063 உருளைப்புழுக்கள் எடுக்கப்பட்டன. அவள் பிழைக்கவில்லை. அந்தச் சாவு நாட்டை உலுக்கியது. 1966இல் தனிச் சட்டம் வந்தது. 1969 முதல் 1995 வரை ஆண்டுக்கு இரு முறை ஒவ்வொரு பள்ளிப் பிள்ளையின் மலமும் சோதிக்கப்பட்டது. புழு உள்ளவர்களுக்கு மருந்து கொடுக்கப்பட்டது. மனித மலத்தை வயலுக்கு உரமாகப் போடும் வழக்கம் நின்றது. கழிப்பறைகள் வந்தன. 1971இல் மக்களில் 84.3 சதவீதம் பேரிடம் குடற்புழு முட்டை இருந்தது. 1997இல் அது 2.4 சதவீதம்.

நம் ஊரிலும் கழிப்பறைகள் பெருகியிருக்கின்றன, அதற்காக மகிழ்கிறேன். ஆனால் தண்ணீர் வராத கழிப்பறை பூட்டித்தான் கிடக்கும். கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் லாரி அதை ஏரிக்கரையிலோ வயலிலோ திறந்துவிட்டால், வீட்டுக்குள் கழிப்பறை கட்டியதன் பலன் ஊருக்கு வெளியே தொலைந்துபோகிறது. கிராமத்துக்கு இரட்டைக் குழிக் கழிப்பறை நல்ல யோசனை. ஒரு குழி நிரம்பியதும் மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்தலாம். மூடிய குழியை ஓராண்டு, இரண்டாண்டு தொடாமல் விட்டால் முட்டைகள் பெரும்பாலும் செத்து, எருவாக மாறிவிடும்.

மாத்திரையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பெயர் அல்பெண்டசோல், 400 மில்லிகிராம். 2 வயதுக்கு மேல் முழு மாத்திரை. 1 முதல் 2 வயது வரை பாதி, அதுவும் பொடித்துத் தண்ணீரில் கலந்து. பெரிய பிள்ளைகள் கடித்து மென்று விழுங்க வேண்டும். புழுவுக்கு உணவான குளுக்கோஸ் அதற்குள் போகாதபடி இந்த மருந்து தடுக்கிறது. புழு பட்டினியால் சாகிறது. மலத்தில் புழு தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், பல சமயம் சிதைந்துதான் வெளியேறும். உருளைப்புழுவுக்கு ஒரு மாத்திரை மிக நன்றாகக் கேட்கும். கொக்கிப்புழுவுக்குப் பெரும்பாலும் கேட்கும். சாட்டைப்புழுவுக்கு ஒரு மாத்திரை பல நேரம் போதாது. வயிற்றில் புழு அதிகம் உள்ள பிள்ளைக்கு அன்று லேசாகக் குமட்டலாம், வயிறு வலிக்கலாம். சில மணி நேரத்தில் சரியாகிவிடும். காய்ச்சலோ வேறு நோயோ இருந்தால் அன்று கொடுக்க மாட்டோம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வயிறு வீங்கி, வாந்தியோடு வலியும் வந்து, மலம் போகாமல் இருந்தால் மாத்திரைக்குக் காத்திராமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாத்திரை கொடுக்கும் நாளில் பள்ளிக்கு வர முடியாமல் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் கழித்து இன்னொரு நாள் வைத்துக் கொடுக்கிறோம். பள்ளியில் சேராத பிள்ளைகளையும் அங்கன்வாடிக்கு அழைத்து வரலாம்.